மூவாயிரம் ரூபாயில் ஒரு மண்டபம்

குளிக்கும் அறையில் பாடாத மனிதர் எவரேனும் இருந்தால் அவரை ஒரு முறை தரிசிக்க வேண்டும் என்பது என் நெடுநாளைய ஆசை. நாலு பேர் நடுவில் வாயைத் திறக்கக் கூசுகிறவர்கூட, கதவைத் தாழிட்டுக்கொண்டு இரண்டு செம்பு தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டதும் வித்வானாகிவிடுகிறார். ஆலாபனை என்ன, பிருகா என்ன! வெளியே காத்திருப்பவர்கள் கதவைத் தட்டினால் பல்லவியோடு நிறுத்திக்கொள்வார். இல்லாவிட்டால் மங்களம் பாடிவிட்டுத்தான் வெளியே வருவார்.

இது தண்ணீர் தரும் தைரியம் என்று சிலர் சொல்லுவார்கள். தனிமை தரும் தைரியம் என்று வேறு சிலர் சொல்லுவார்கள். இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் உண்மைதான். ஆனால் பெரிய காரணம் சுவரில் இருக்கிறது. பீங்கான் ஓடு பதித்த சுவர் ஒலியைக் குடிப்பதில்லை. வந்ததை வந்தபடியே திருப்பி அனுப்பிவிடுகிறது. நம் குரல் நான்கு சுவர்களிலும் தரையிலும் கூரையிலும் பட்டுப் பட்டுத் திரும்பி, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, நாம் வாயை மூடிய பிறகும் சற்று நேரம் நின்று ஒலிக்கிறது. சுருதி இம்மி விலகியிருந்தால் அதையும் பூசி மெழுகிவிடுகிறது. நமக்குப் பின்னால் நாலு சிஷ்யர்கள் உட்கார்ந்து ஒத்துப் பாடுகிற மாதிரி ஒரு பிரமை. சிஷ்யர்கள் இருந்தால் யார்தான் பாடமாட்டார்கள்?

இதை எதிரொலி என்று சொல்லிவிடக் கூடாது. எதிரொலி வேறு. மலையடிவாரத்தில் நின்று "ஓ!" என்று கூவினால், கொஞ்சம் பொறுத்து மலை "ஓ!" என்கிறது பாருங்கள், அது எதிரொலி. ஒலி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் ஓடுகிறது. போன குரலையும் திரும்பி வந்த குரலையும் நம் காது தனித்தனியாகப் பிரித்து அறிய வேண்டுமானால் நடுவில் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. அதற்குச் சுவர் 17 மீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். சுவர்கள் பக்கத்தில் இருந்தால், அல்லது நாலா பக்கமும் இருந்தால், திரும்பி வரும் ஒலிகள் ஒன்றோடொன்று கலந்து ஒரு தொடர்ந்த முழக்கமாகிவிடும். பாடப் புத்தகத்தில் இதற்கு எதிர்முழக்கம் என்று பெயர். கிட்டார் வாசிக்கிற பிள்ளைகள் 'ரிவெர்ப்' என்கிறார்கள்.

இந்த ரிவெர்ப் விஷயத்தில் நான் தலையிட நேர்ந்தது ஆவூரில். கும்பகோணத்துக்குப் பக்கத்திலும் ஓர் ஆவூர் உண்டு. அது பாடல் பெற்ற தலம். நான் சொல்வது புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூர். திருச்சியிலிருந்து பஸ்ஸில் போய்ச் சாயங்காலத்துக்குள் திரும்பி வந்துவிடலாம். வானம் பார்த்த பூமி. ஏசு சபையைச் சேர்ந்த வெனான்சியுஸ் பூசே பாதிரியார் பதினேழாம் நூற்றாண்டின் முடிவில் அங்கே கோயில் எழுப்பினார். வீரமாமுனிவர் பணி செய்த ஊர்களில் அதுவும் ஒன்று. இப்போது இருக்கும் பெரியநாயகி மாதா கோயில் 1747-இல் கட்டியது. ஈஸ்டர் சமயத்தில் பாஸ்கா நாடகமும் தேரும் நடக்கும். அப்போது ஊரில் நிற்க இடம் இராது.

அந்த ஊரில் எனக்கு ஒரு சிநேகிதர். பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் ஹார்மோனியம் வாசித்துப் பாடகர் குழுவை நடத்தியவர். கையைத் தூக்கினால் நாற்பது பிள்ளைகள் ஒரே மூச்சில் பாட்டை எடுப்பார்கள். இறக்கினால் ஒரே மூச்சில் நிறுத்துவார்கள். அவருடைய இளைய பிள்ளை திருச்சிக்குப் பக்கத்தில் ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறான். ஹார்மோனியத்தைத் தொடவில்லை. கிட்டாரைப் பிடித்துக்கொண்டான். அதிலும் தவறில்லை. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு வந்தது. ஹார்மோனியமும் தபேலாவும் இருந்த இடத்தில் நாளடைவில் கிட்டாரும் வந்து உட்கார்ந்துகொண்டது.

சென்ற வருஷம் நான் போயிருந்தபோது, நான் செருப்பைக் கழற்றுவதற்குள்ளேயே வாத்தியார் வழக்கை ஆரம்பித்துவிட்டார்.

"வாங்க, வாங்க. நல்ல சமயத்திலே வந்தீங்க. இதைப் பாருங்க. மூவாயிரத்து இருநூறு ரூபாய்! எதற்கு என்று கேளுங்க. ஒரு முழக்கத்துக்கு! கோயிலுக்குள்ளே போய் வாசிச்சாச் சும்மாக் கிடைக்கிற முழக்கத்துக்கு!"

பையன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "கோயிலை வீட்டுக்குக் கொண்டு வர முடியுமா, மாமா?"

நான் இருவருக்கும் பதில் சொல்லாமல் அந்தச் சாமானைக் கையில் வாங்கிப் பார்த்தேன். நாலு தீப்பெட்டிகளை அடுக்கி வைத்தாற்போல் ஓர் உலோகப் பெட்டி. ஒரு பக்கம் கிட்டாரிலிருந்து வரும் ஒயரைச் செருக ஒரு துளை. மறு பக்கம் ஆம்ப்ளிபயருக்குப் போகும் ஒயருக்கு ஒரு துளை. 9 வோல்ட் மின்சாரத்துக்கு இன்னொரு துளை. கீழே காலால் மிதிக்கிற பித்தான். மிதித்து வேலை வாங்குவதால் இதற்குப் பெடல் என்று பெயர். மேலே மூன்று திருகுகள். முழக்கம் எத்தனை நேரம் நிற்க வேண்டும் என்பதற்கு ஒன்று. அசல் ஒலியோடு முழக்கத்தை எவ்வளவு கலக்க வேண்டும் என்பதற்கு ஒன்று. அந்த முழக்கம் கூர்மையாக இருக்க வேண்டுமா, மழுங்கலாக இருக்க வேண்டுமா என்பதற்கு ஒன்று. இவை தவிர ஒரு சின்ன விசை. அதைத் தள்ளினால் 'அறை', 'மண்டபம்', 'தகடு', 'ஸ்பிரிங்' என்று முழக்கம் ஜாதி மாறும்.

அறையும் மண்டபமும் புரிந்தன. தகடும் ஸ்பிரிங்கும் எங்கிருந்து வந்தன? அது பெரிய கதை. முழக்கத்தை மனிதன் முதலில் ஒரு தொல்லையாகத்தான் படித்தான். பிறகுதான் விலை கொடுத்து வாங்கினான்.

1895-இல் அமெரிக்காவில் ஹார்வர்ட் சர்வகலாசாலையில் ஒரு புதிய பிரசங்க மண்டபம் கட்டினார்கள். மண்டபம் அழகாக இருந்தது. பிரசங்கம்தான் புரியவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் அது ஐந்தரை விநாடி உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குள் பேராசிரியர் பத்துப் பதினைந்து வார்த்தை பேசிவிடுகிறார். எல்லாம் சேர்ந்து ஒரே இரைச்சல். இதைச் சரி செய்யும்படி வாலஸ் சபீன் என்ற இளம் பௌதிக ஆசிரியரிடம் சொன்னார்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? வேறொரு நாடகசாலையிலிருந்து நாற்காலி மெத்தைகளை ராத்திரி வேளையில் வாங்கி வந்து பரப்புவார். ஓர் ஆர்கன் குழாயை ஊதி நிறுத்தி, ஒலி அடங்க எத்தனை நேரம் ஆகிறது என்று காதாலேயே கேட்டுக் குறித்துக்கொள்வார். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பிச் சேர்த்துவிடுவார். இப்படி எத்தனையோ ராத்திரிகள். கடைசியில் கிடைத்த சூத்திரம் மிக எளியது: இடத்தின் கொள்ளளவு பெருகினால் முழக்கம் நீளும், ஒலியைக் குடிக்கும் பொருள் பெருகினால் முழக்கம் குறுகும். 1900-இல் திறந்த பாஸ்டன் இசை மண்டபத்தை இந்தச் சூத்திரத்தை வைத்துத்தான் திட்டமிட்டார்கள்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. மனிதனும் ஒரு மெத்தைதான்! இருபது மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலம், பத்து மீட்டர் உயரமுள்ள ஒரு காலி மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வெறும் காரைச் சுவர், கல் தரை. அதில் முழக்கம் அடங்க ஆறரை விநாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், இருநூறு பேர் வந்து உட்கார்ந்ததும் அதே மண்டபத்தில் அது இரண்டேகால் விநாடிக்கு இறங்கிவிடும். நம் சட்டையும் சேலையும் உடம்பும் அவ்வளவு ஒலியைக் குடித்துவிடுகின்றன. ஜனம் நிறைந்த கோயிலில் பாட்டு தெளிவாகவும், காலியான கோயிலில் ஒரு இருமல்கூட இடியாகவும் கேட்பது இதனால்தான்.

தொல்லையாக இருந்த முழக்கம் தேவையாக மாறியதற்கும் கோயில்தான் காரணம். லாரன்ஸ் ஹாம்மண்ட் என்பவர் 1935-இல் மின்சார ஆர்கனை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பணக்காரர்கள் வாங்கி, கம்பளம் விரித்த கூடத்தில் வைத்து வாசித்தார்கள். "கோயிலில் கேட்ட மாதிரி இல்லையே!" என்றார்கள். எப்படி இருக்கும்? கம்பளமும் திரைச்சீலையும் முழக்கத்தைக் குடித்துவிட்டன. நெடுந்தூரத் தொலைபேசியில் குரல் தாமதித்து வருவதைப் பரிசோதிப்பதற்காக பெல் ஆராய்ச்சிசாலையில் ஸ்பிரிங்குகளை வைத்து ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். ஹாம்மண்ட் அந்த யோசனையை எடுத்துக்கொண்டார். ஒலியை மின்சாரமாக்கி ஸ்பிரிங்கின் ஒரு முனையில் அதிரவிட்டால் அது மறு முனைக்குப் போய், அங்கிருந்து திரும்பி, மறுபடி போய், முழக்கத்தைப் போல் ஏதோ ஒன்றை உண்டாக்குகிறது. 1961-இல் ஃபெண்டர் கம்பெனி கிட்டார்காரர்களுக்கென்று ஒரு தனி ஸ்பிரிங் பெட்டி செய்து விற்றது. அதுதான் பெடலில் இருக்கும் 'ஸ்பிரிங்'.

'தகடு' ஜெர்மனியிலிருந்து வந்தது. 1957-இல் வந்த ஈ.எம்.டி. 140 என்ற யந்திரத்தில் ஒரு பெரிய மெல்லிய எஃகுத் தகட்டைச் சட்டத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். தகட்டின் ஓரிடத்தை ஒலியால் அதிரச் செய்து, வேறோர் இடத்தில் அந்த அதிர்வைப் பிடித்துக்கொள்வார்கள். நாதம் தங்கமாக இருந்தது. எடைதான் கால் டன்னுக்கும் மேல்! அதற்கும் முன்னால் 1947-இல் பில் புட்னம் என்ற ஒலிப்பதிவுக்காரர் சிகாகோவில் என்ன செய்தார் என்று கேட்டால் சிரிப்பீர்கள். குளியலறையில் ஒரு ஒலிபெருக்கியையும் ஒரு மைக்கையும் வைத்து, பாட்டை அந்த அறைக்குள் அனுப்பி, முழக்கத்தோடு திரும்ப வாங்கிக்கொண்டார். நாம் அன்றாடம் இலவசமாகச் செய்கிற காரியம்தான்!

பிறகு கணக்கு வந்தது. 1960-களின் ஆரம்பத்தில் பெல் ஆராய்ச்சிசாலையைச் சேர்ந்த மான்ஃப்ரெட் ஷ்ரோடர், 'மண்டபமும் வேண்டாம், தகடும் வேண்டாம். எண்களாலேயே முழக்கம் செய்யலாம்' என்று காட்டினார். அவருடைய யோசனையை ஊர் வதந்தியை வைத்து விளக்கலாம். கிணற்றடியில் ஒருத்தி ஒரு செய்தி சொல்லுகிறாள். கேட்ட நாலு பேரும் அதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு, ஒருத்தி உடனேயும், ஒருத்தி கொஞ்சம் பொறுத்தும், இன்னொருத்தி இன்னும் கொஞ்சம் பொறுத்தும் திருப்பிச் சொல்லுகிறார்கள். சொல்லும்போது குரல் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தணிகிறது. ஒருவர் சொன்னது மற்றவர் காதிலும் விழுந்து மீண்டும் வெளிவருகிறது. நாலு பேரும் ஒரே கால அளவில் சொன்னால் கொட்டு அடிக்கிற மாதிரி ஆகிவிடும். ஆகையால் ஒருவருடைய கால அளவுக்கும் மற்றவருடையதற்கும் பொருத்தமே இல்லாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். ஊரே முழங்கும்!

1976-இல் இந்தக் கணக்கைச் செய்யும் யந்திரம் விற்பனைக்கு வந்தபோது அதைப் பெரிய ஒலிப்பதிவுக்கூடங்கள்தாம் வாங்க முடிந்தது. 1987-இல் ஜப்பானின் பாஸ் கம்பெனி அதை ஆர்.வி-2 என்ற கால் பெடலுக்குள் அடக்கியது. இன்று எஃப்.வி-1 என்று ஒரு சில்லு இருக்கிறது. விரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியது. கைக்கடிகாரத்தில் நேரம் காட்டுவதற்காக வைக்கும் அதே குவார்ட்ஸ் துண்டுதான் அதற்கும் தாளம் போடுகிறது. அதன் ஞாபகசக்தி ஏறக்குறைய ஒரே ஒரு விநாடி. அந்த ஒரு விநாடி ஞாபகத்தைச் சுற்றிச் சுற்றி விட்டு அது பெரிய மண்டபத்தையே கட்டிக் காட்டிவிடுகிறது. கால் டன் யந்திரம் நாலு தீப்பெட்டியாகி, மூவாயிரம் ரூபாய்க்கு இறங்கி, ஆவூர்த் திண்ணைக்கு வந்தது இப்படித்தான்.

வாத்தியார் இவற்றையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே கேள்வி கேட்டார்.

"எல்லாம் சரிங்க. ஆனா, இல்லாத மண்டபத்தை இருக்குன்னு காட்டுறது பொய் இல்லையா?"

வாத்தியார் கேள்வி என்றால் வாத்தியார் கேள்விதான்! நான் அவருக்கு அவர் மாவட்டத்தையே சாட்சிக்கு அழைத்தேன். புதுக்கோட்டையிலிருந்து 16 கிலோமீட்டரில் சித்தன்னவாசல் இருக்கிறது. மலையைக் குடைந்து சமணர்கள் செய்த கோயில். எல்லோரும் விதானத்துத் தாமரைக் குளத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். உள்ளே கருவறை, ஏறக்குறைய பத்தடிச் சதுரம். அங்கே நின்று தாழ்ந்த குரலில் 'ம்' என்று இழுத்தால், ஒரு குறிப்பிட்ட சுருதிக்கு வந்ததும் அறை முழுவதும் கூடச் சேர்ந்துகொள்ளும். குரல் நம்முடையதா, பாறையினுடையதா என்று சந்தேகம் வந்துவிடும். அந்த அளவுள்ள கல்லறைக்கு ஆண்களின் அடிக்குரல் பொருந்தி வருகிறது. அதே மாவட்டத்துக் குடுமியான்மலையில் ஏழாம் நூற்றாண்டில் ஸ்வரக் கோவைகளைப் பாறையில் வெட்டி வைத்தவர்கள் நாதத்தைப் பற்றி அறியாதவர்களா? தெய்வத்துக்கு முன்னால் மனிதக் குரல் அப்படியே சிறியதாக நிற்கக் கூடாது என்று எல்லா மதத்தாரும் நினைத்திருக்கிறார்கள். குகை வெட்டினார்கள், ஆயிரங்கால் மண்டபம் கட்டினார்கள், உயரமாகக் கூரை போட்டார்கள். வீணைக்குக் குடம் வைத்ததும், தம்பூராவின் தந்திக்கடியில் நூல் செருகியதும் ஒலியை அதன் அசல் அளவுக்கு மேலே வளர்ப்பதற்குத்தானே? அவை பொய் என்றால் இதுவும் பொய். ஒரே ஒரு வித்தியாசம், குகை வெட்ட ராஜா வேண்டியிருந்தது. இதற்குப் பட்டறைச் சம்பளத்தில் மிச்சம் பிடித்தது போதும்.

வாத்தியார் ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. "சாப்பிட வாங்க" என்றார்.

அன்று ராத்திரி அங்கேயே தங்க நேர்ந்தது. வீட்டில் இரண்டே அறைகள். வாத்தியாரும் மனைவியும், மூத்த மகனும் மருமகளும், அவர்களுடைய கைக்குழந்தையும், இந்தப் பையனும். பையனுக்கு என்று ஓர் இடம் கிடையாது. அரிசி மூட்டைக்கும் பீரோவுக்கும் நடுவில் ஒரு பாய் அகலம்தான். குழந்தை தூங்கின பிறகு அவன் அங்கே உட்கார்ந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டு வாசித்தான். வெளியே எனக்குக் கேட்டதெல்லாம் தந்தியின் 'டிக் டிக்' சத்தம்தான், சுவரில் பல்லி நடக்கிற மாதிரி.

நான் விழித்திருப்பதைப் பார்த்து ஹெட்போனை என் காதில் மாட்டினான். முதலில் பெடலை அணைத்து வாசித்தான். ஒலி மூக்குக்கு முன்னாலேயே பிறந்து, அங்கேயே செத்தது. இரண்டடிக்கு அப்பால் பீரோ இருப்பது காதுக்கே தெரிந்தது. அப்புறம் பித்தானை அமுக்கினான். அதே நாலு ஸ்வரங்கள். ஆனால் பீரோவைக் காணோம், அரிசி மூட்டையைக் காணோம். சுவர்கள் ஓசைப்படாமல் எழுந்து தூரத்தில் போய் நின்றன. கூரை எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டது. ஒவ்வொரு ஸ்வரமும் புறப்பட்டுப் போய், சுற்றிப் பார்த்துவிட்டு, நிதானமாகத் திரும்பி வந்தது.

"மாமா, இந்த வீட்டிலே இதுதான் என் ரூம்" என்றான், இருட்டில்.

மூவாயிரத்து இருநூறு ரூபாய்க்கு அவன் வாங்கியது எது என்று எனக்கு அப்போது விளங்கிற்று. அந்த விலைக்கு ஆவூரில் ஒரு மாதத்துக்கு ஓர் அறை வாடகைக்குக் கிடைக்கலாம். ஒரு மண்டபம் கிடைக்காது.

ஆனால் கதை இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். மறுநாள் சாயங்காலம் பாடகர் குழுவின் ஒத்திகைக்குப் போனோம். பையன் தன் பெட்டியையும் கொண்டு வந்திருந்தான். புது மோகம், மூன்று திருகுகளையும் முக்கால்வாசி திருப்பி வைத்திருந்தான். பெரிய கட்டடத்தின் முழக்கத்துக்கு மேல் பெட்டியின் முழக்கமும் ஏறிக்கொண்டது. பிள்ளைகளுக்கு ஒரே குஷி. வாத்தியார் கடைசி பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இரண்டாவது பாட்டின் நடுவில் மெதுவாக எழுந்து வெளியே போய்விட்டார்.

கோபம் என்று நினைத்துப் பின்னாலேயே போனேன். அவர் வாசலில், மாலை வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.

"இது கோபம் இல்லைங்க. எனக்கு வார்த்தை விளங்கலே. ஒரு வருஷமா இப்படித்தான் இருக்கு. பிரசங்கமும் விளங்குறதில்லே. எல்லாம் ஒரே கூழா வருது. முப்பது வருஷம் யார் எந்த இடத்திலே பிசகினாங்கன்னு திரும்பிப் பார்க்காமலே சொன்ன காது இது. வீட்டிலே சொல்லலே. பெட்டி மேலே பழியைப் போட்டுக்கிட்டிருக்கேன்" என்றார்.

அப்போதுதான் கவனித்தேன். திறந்த வெளியில் நான் சாதாரணக் குரலில் பேசியதெல்லாம் அவருக்கு நன்றாகவே கேட்டது. அறைக்குள்தான் "ஆங்?" "ஆங்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். இதற்குக் காரணம் உண்டு. நம் பேச்சில் உயிரெழுத்துக்கள் நீண்டவை, பலமானவை. ச, த, ப போன்ற மெய்களின் ஒலி ஒரு கணத்தில் வந்து போய்விடும், மெல்லியது, பெரும்பாலும் மேல் ஸ்தாயியில் இருப்பது. முழக்கம் மிகுந்த இடத்தில் முந்தின உயிரெழுத்தின் வால் நீண்டு வந்து அடுத்த மெய்யை மூடிவிடுகிறது. இளம் காது எப்படியோ ஊகித்துக்கொள்ளும். வயதான காதுக்கோ முதலில் குறைவது அந்த மேல் ஸ்தாயிதான். பிள்ளைக்கு மண்டபமாக இருக்கிற அதே முழக்கம் தகப்பனாருக்கு மதில் சுவராகிவிடுகிறது.

பையனிடம் நான் சொல்லவா என்று கேட்டேன். "வேண்டாம்" என்றார். சற்றுப் பொறுத்து, "சொன்னாலும் சொல்லுங்க" என்றார். வாத்தியார்களுக்கும் தங்கள் கௌரவத்தைக் காப்பாற்ற ஒரு தூது வேண்டியிருக்கிறது.

நான் சொன்னேன். பையன் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் தகப்பனார் திண்ணையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தபோது கிட்டாரை எடுத்து வந்து படியில் உட்கார்ந்தான். பெடல் இல்லை, ஆம்ப்ளிபயர் இல்லை. பழைய மாதா பாட்டு ஒன்றை வாசித்தான். அவர் காலத்துப் பாட்டு. வாத்தியார் பேப்பரை மடிக்காமலே, "மூணாவது அடியிலே ஒரு அரை ஸ்வரம் கம்மி" என்றார். பையன் மறுபடி வாசித்தான். "இப்பவும் கம்மி" என்றார். மூன்றாம் முறை வாசித்தபோது பேப்பரை மடித்துக் கீழே வைத்தார்.

அதன் பிறகு நடந்ததைப் பையன் எனக்கு டெலிபோனில் சொன்னான். திருச்சியில் ஒரு காது வைத்தியரிடம் அப்பாவை அழைத்துப் போயிருக்கிறான். காதுக் கருவியின் விலை பெடலைப்போல் பல மடங்கு. அதற்கு இன்னும் பணம் சேர்கிறது. ஒரு சில்லு பிள்ளைக்கு மண்டபம் கட்டித் தர மூவாயிரம் ரூபாய் வாங்குகிறது. இன்னொரு சில்லு தகப்பனாரை அந்த மண்டபத்துக்குள் அழைத்துப் போக இத்தனை கேட்கிறது! அது வரைக்கும் ஒத்திகையில் ஓர் ஏற்பாடு. பையன் திருகுகளை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வருவான். வாத்தியார் முதல் பெஞ்சில் உட்கார்ந்து, வார்த்தை விளங்கும் இடம் வந்ததும் கையைத் தூக்குவார். அந்த இடத்தில் அவன் தாயாரின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றைப் பெடலின் மேல் ஒட்டிவிட்டான். கலக்கும் திருகின் பொட்டு கால்வாசியைக்கூடத் தொடவில்லையாம். "கோயிலுக்கு அவ்வளவு போதும், மாமா. தேரன்னிக்கு வெளியிலே வாசிக்கிறப்போ சுவரே இல்லையே, அப்போ கூட்டிக்கலாம்" என்றான். சபீன் பல ராத்திரிகள் மெத்தை சுமந்து கண்டுபிடித்ததும் அதுதான்.

உங்கள் வீட்டுப் பிள்ளை இப்படி ஒரு பெட்டி கேட்டால் வாங்கிக் கொடுங்கள். மலிவான பெடல்களில் மேல் ஸ்தாயி கொஞ்சம் கரகரக்கும். மின்சார அடாப்டர் மட்டமாக இருந்தால் 'ங்' என்று ஒரு இரைச்சல் கூடவே வரும். அடாப்டரின் நடுமுனை பெரும்பாலும் எதிர்மின்னாக இருக்க வேண்டும், மாற்றிச் செருகினால் பெட்டி கெட்டாலும் கெடும். இவற்றையெல்லாம் பிள்ளையே தெரிந்துகொள்வான். அவனுக்குத் தெரியாததை மட்டும் நீங்கள் சொன்னால் போதும்: வீட்டில் எல்லோரும் தூங்கின பிறகு முழக்கத்தை எவ்வளவு வேண்டுமானாலும் திருப்பிக்கொள்ளட்டும், அந்த நேரத்தில் மண்டபம் அவனுடையது. பகலில் நாலு பேருக்கு நடுவில் வாசிக்கும்போது, கூட்டத்திலேயே வயதில் பெரியவர் ஒருவரை முன்னால் உட்காரவைத்து, அவர் கையைத் தூக்குகிற இடத்தில் நிறுத்திக்கொள்ளட்டும்.